சனிக்கிழமை அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்

கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஓர் இருளர் ஊரிலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றிப் பேச என்னிடம் வந்தது. அப்பா வேட்டைத் தடுப்புக் காவலர், அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மகள் ப்ளஸ் டூ. கூடவே கோவையில் வேலை பார்க்கும் தாய்மாமா. பேசியதெல்லாம் அவர்தான். பொதுத்தேர்வுக்கே இன்னும் இரண்டு மாதம் இருக்க, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டாராம். நிர்வாக ஒதுக்கீடு. சனிக்கிழமைக்குள் முன்பணமாக ஐம்பதாயிரம் கட்ட வேண்டும், அதற்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. "எங்க ஊர்ல முதல் இன்ஜினியர் இவதான் சார்" என்றார்.

பதற வேண்டாம், நேரம் இருக்கிறது என்று முதலில் நானும் சமாதானம்தான் சொன்னேன். அப்புறம் அந்தப் பெண்ணிடம் அரையாண்டுக் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டேன். 41. பையில் இருந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்று ஒரு பக்கம் தமிழில், எதிரே பாட்டி சொல்லும் இருளச் சொற்கள். போனில் பாட்டியின் பாட்டுகள் நாற்பதுக்கும் மேல். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

இனி அப்பாவிடம் நேராகவே பேசுகிறேன். ஐயா, கணக்கில் 41 வாங்கும் பிள்ளையை நகையை வைத்து நான்கு வருடம் அங்கே உட்கார வைத்தால் அரியர்தான் மிஞ்சும். உதவித்தொகை வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்கள். கலைக்கல்லூரி, நர்சிங், பாலிடெக்னிக் பற்றியெல்லாம் ஊரில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு யாரும் சொல்லாத ஒரு படிப்பைச் சொல்கிறேன்: பழங்குடி மொழிகளையும் வாழ்க்கையையும் ஆராயும் படிப்பு.

உங்கள் மொழியைப் பற்றிய ஒரு முக்கியமான புத்தகம் 1973இல் ஜெர்மனியில் வெளியானது. எழுதியவர் கமில் சுவெலபில், செக் நாட்டுக்காரர். அதற்கு முன்பே, 1930களில், எமனோ என்ற மொழியியலாளர் நீலகிரிக்கு வந்து கோத்தர் என்ற பழங்குடியினரின் கதைகளைத் தொகுத்தார். அவருக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர் சுள்ளி என்ற கோத்தர். எமனோவை உலகம் அறியும். சுள்ளியை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் அறிவார்கள். நூறு வருடமாக மலைமக்கள் பதில் சொல்பவர்களாகவும், வந்தவர்கள் கேள்வி கேட்பவர்களாகவும் இருந்தார்கள். இப்போது அது மாறி வருகிறது. அந்த மொழியில் பிறந்தவரே ஆய்வாளராக வர வேண்டும் என்று பல நாடுகளில் பழங்குடி அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஒடிசாவில் பழங்குடி மொழிகள் பலவற்றில் தொடக்கப் பள்ளிப் பாடம் நடக்கிறது. பாட்டியிடம் பேசத் தெரிந்தவர் இல்லாமல் அந்தப் பாடப்புத்தகத்தை எப்படி எழுதுவது?

இதற்கென்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை பிறக்கும் அமர்கண்டக்கில், இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம். 2007ஆம் வருடச் சட்டத்தில் உருவானது. பழங்குடி ஆய்வு, மானிடவியல், பழங்குடி மொழிகளை ஒப்பிட்டுப் படிக்கும் மொழியியல் என்று தனித்தனித் துறைகள். சேர்க்கைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட், தமிழிலும் எழுதலாம். ஆனால் வகுப்பு தமிழில் இருக்காது, முதல் வருடம் இங்கிலீஷும் இந்தியும் திணறடிக்கும். பிலாஸ்பூர் வரை ரயில், அங்கிருந்து பெண்ட்ரா ரோடு என்ற ஸ்டேஷன். குளிர் அதிகம் என்று மாமா பயமுறுத்தினார். கோத்தகிரிக்காரியிடம் போய்க் குளிரைச் சொல்கிறார்!

கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. விடுதியில் இடம் உண்டா என்று மட்டும் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டு அரசு இடங்களில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீதம். படிப்புக்கும் அப்படித்தான், வேலைக்கும் அப்படித்தான்.

வேலை? பி.ஏ. முடித்ததும் கிடைக்காது, அதை மறைக்க மாட்டேன். எம்.ஏ., அதன் பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் வரை போக வேண்டும். நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000. பழங்குடி மாணவர்களுக்கென்று தனியாக ஆண்டுக்கு 750 தேசிய ஆய்வு உதவித்தொகைகள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 20 பேரை அனுப்புகிறார்கள். அதில் 3 இடம், இருளர் போன்ற மிகவும் பின்தங்கிய பழங்குடிப் பிரிவினருக்கு. கல்லூரி ஆசிரியர் பணி, மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் எல்லாம் அதன் பிறகு. நீலகிரியிலேயே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு தோடர், கோத்தர், சோளகர், காணி போன்றோரின் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ஒதுக்கியது. அந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடும்போது உங்கள் மகளைப் போன்றவர்கள் பட்டத்தோடு தயாராக இருக்க வேண்டும்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருளர் பெண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் இயற்பியல் கேட்டிருந்தால் இயற்பியல் வழியைத்தான் சொல்லியிருப்பேன். இதைக் கேட்டது அந்த நோட்டு.

க்யூட் விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவு வரும் முன்பே முடிந்துவிடும். மத்திய அரசுப் படிவத்தில் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர், மாதக்கணக்கில் இழுக்கலாம். எனவே திங்கட்கிழமை லீவு போட்டு, உங்கள் சான்றிதழ், மகளின் மாற்றுச் சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மாமாவையும் அழைத்துப் போங்கள். நன்றாகப் பேசுகிறார், அங்கே உதவும்.