அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலர் பதவிக்கு ஒருவரை ‘ஆதரிப்பது’ என்றால் என்ன?

அதிபர் பெயரை முன்மொழிந்ததும் வேலை முடிந்துவிடாது. செனட் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அப்புறம் முழு செனட்டும் வாக்களிக்கும். இந்த இடைவெளியில் தொழிற்சங்கங்களும் முதலாளி அமைப்புகளும் "இவர் சரியான ஆள்" என்று செனட்டர்களிடம் சொல்வதுதான் ஆதரவு. வீடு வாடகைக்குக் கொடுப்பவர், வருகிறவர் முன்பு குடியிருந்த இடத்தில் விசாரிப்பது போல.

ஏன் இத்தனை அக்கறை? கூடுதல் நேரச் சம்பளம் யாருக்கு, பணியிடப் பாதுகாப்பு விதி எவ்வளவு கறார் என்பதெல்லாம் இந்தத் துறையின் கையில்.

2025-இல் குடியரசுக் கட்சியின் லோரி சாவேஸ்-டிரெமரை லாரி ஓட்டுநர்கள் உள்ளிட்டோரின் பெரிய தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸே ஆதரித்தது. எதிர்க்கட்சியிலும் பலர் வாக்களிக்க, 67-32 என்று தேறினார்.

சங்க ஆதரவு இருந்தால் பதவி நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள்; 2023-இல் முன்மொழியப்பட்ட ஜூலி சூவுக்கு அது தாராளமாகவே இருந்தும் செனட் ஒப்புதல் கிடைக்காமல், பொறுப்புச் செயலராகவே காலம் தள்ளினார்.