ராத்திரி மட்டும் நெட் இழுக்கிறது, கம்பெனியை மாற்றலாமா?

பகலில் ஒழுங்காக ஓடும் நெட் இரவானால் இழுக்கிறது, வீடியோ கால் உறைந்து நிற்கிறது, வேறு கம்பெனிக்கு மாறிவிடவா என்கிறீர்கள். மாறலாம், ஆனால் அவசரப்படாதீர்கள்.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணையுங்கள். வீட்டில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, காலையில் ஒரு தடவை, அந்த இரவு நேரத்தில் ஒரு தடவை வேகத்தைப் பாருங்கள். கேபிளில் இரண்டு வேளையும் சரியாக வந்தால் கோளாறு பெரும்பாலும் வைஃபையில்தான். அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் இரவில்தான் மும்முரமாக இருக்கும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள் (சுவர் தாண்டினால் அது கொஞ்சம் தளரும்). கம்பெனியை மாற்றினாலும் இந்தத் தொல்லை கூடவே வரும்.

கேபிளிலும் இரவில் மட்டும் வேகம் விழுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் கம்பெனியின் பக்கம்தான் நெரிசல். பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். அது தண்டச் செலவாகவே முடியலாம்.

மாறுவதென்றால், புதிய கம்பெனியிடம் அப்லோட் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள், வீடியோ காலுக்கு அதுவும் முக்கியம். லைன் அவர்களுடையதா, இப்போதைய கம்பெனியின் லைனையே வாங்கி விற்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அவர்கள் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் இரவு நிலவரம் தெரிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியது நிலையாக ஓடும்வரை பழையதைத் துண்டிக்க வேண்டாம்.