1876-இல் அமெரிக்க பேஸ்பாலில் 0.429 சராசரியில் (பத்து முறை மட்டை பிடித்தால் நாலு முறைக்கு மேல் வெற்றி அடி) அடித்த ராஸ் பார்ன்ஸ் அடுத்த வருடமே ஏன் சரிந்தார்?

விதி மாறியதால்தான் என்பார்கள், அது பாதிக் கதை. என்னைக் கேட்டால் காய்ச்சலுக்குத்தான் பெரிய பங்கு. இரண்டாம் பேஸில் (ஓடிச் சேர வேண்டிய தளங்களில் இரண்டாவது) ஃபீல்டராக ஆடிய பார்ன்ஸ் 1871 முதல் ஐந்து சீசன் பாஸ்டனில் இருந்தார், அப்புறம் சிகாகோ. நேஷனல் லீக் என்ற அமெரிக்க பேஸ்பால் போட்டித்தொடரின் முதல் ஹோம் ரன்னே (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) இவருடையதுதான்.

இவருடைய வித்தை என்னவென்றால், பந்தைக் கீழ்நோக்கி வெட்டி, மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே ஒரு தடவை தரையில் பட வைத்துச் சுழலவிட்டு வெளியே ஓட்டிவிடுவார், அன்றைய விதிப்படி முதலில் உள்ளே பட்டால் போதும், ஃபீல்டர் துரத்திப் பிடித்து எறிவதற்குள் இவர் பேஸில் நிற்பார். 1877-இல் அதை ஃபவுல், அதாவது செல்லாத அடி, ஆக்கினார்கள். சரி, ஆனால் அதே வருடம் குளிர்காய்ச்சல் படுத்தி எடுத்ததில் 22 ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஆடாத நாட்களுக்குச் சம்பளம் தராத கிளப் மீது வழக்குப் போட்டார், தோற்றார். பழைய உடல்பலம் திரும்பவே இல்லை. 1881-உடன் ஆட்டமும் முடிந்தது.