முகவரி முதலில்

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக ஃபேஸ்புக்கில் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதி வருகிறேன். போன வாரம் பழைய குறிப்பு ஒன்றைத் தேடித் தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டேன். சொந்தமாக ஒரு தளம் தொடங்கலாமா என்று தோன்றுகிறது. பிளாகரா, வேர்ட்பிரஸா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வடிவமைப்பு எனக்குத் தெரியாது. அங்கே வந்து யார் படிப்பார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது.

செல்வி

அன்புள்ள செல்வி,

இரண்டும் வலைப்பதிவு எழுத உதவுபவை. பிளாகர் 1999இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல். உங்கள் தேவைக்கு இரண்டுமே போதும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது டொமைன், அதாவது தளத்தின் முகவரி. இலவச முகவரியில் இருந்தால், அந்த நிறுவனம் கடையைக் கட்டும் நாளில் உங்கள் கட்டுரைகளின் சுட்டிகளும் (லிங்க்) போய்விடும். இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009இல் யாஹூ மூடியது. 2014இல் ஆர்குட், 2019இல் கூகுள் பிளஸ் என்று அந்த வரிசை நீண்டது. சொந்த டொமைனை பிளாகரிலேயே இணைத்துக்கொள்ளலாம். பிறகு வேறெங்கே மாறினாலும் தளத்தின் முகவரி அதேதான்.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் ‘நான் பார்த்துக்கறேன்’ என்று தன் கணக்கில் வாங்கித் தருவார். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். டொமைனைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மறந்தால் பெயர் வேறொருவர் கைக்குப் போகலாம்.

அப்புறம், தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தலைவலி. வேர்ட்பிரஸ் உங்கள் தலைப்பையே கட்டுரையின் சுட்டியாக்கும். அதை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால், ‘அம்மா’ என்ற சொல் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 குறிகளாக நீண்டு நிற்கும். க என்ற ஓரெழுத்துக்கே ஒன்பது குறி. தலைப்பு நீளமானால் சுட்டி பாதியில் வெட்டுப்படும். அதனால் வெளியிடுவதற்கு முன்பே சுட்டியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாக மாற்றிவிடுங்கள். பிளாகரிலும் அந்த வசதி உண்டு. வெளியிட்ட பின் அதில் கைவைக்காதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்தவர்களின் சுட்டி உடையக்கூடும்.

வடிவமைப்பா? வெள்ளைப் பின்னணி, படிக்கும் அளவில் எழுத்து. ஆரம்பத்திலேயே அதில் இறங்கியவர்கள் பலர் வார்ப்புருவை, அதாவது தளத்தின் தோற்றத்தை, மாற்றிக்கொண்டே இருந்து, எழுதாமலே போனார்கள்.

அவ்வப்போது பிரதி எடுத்து வையுங்கள். பிரதி எடுக்க வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் கட்டுரையும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

யார் வருவார்கள் என்றால், முதலில் அதிகம் பேர் வரமாட்டார்கள். ஃபேஸ்புக்கை விட்டுவிடாதீர்கள், முழுக் கட்டுரையைத் தளத்தில் போட்டு, ஃபேஸ்புக்கில் ஒரு பத்தியும் சுட்டியும் கொடுங்கள். புத்தகக் குறிப்பைத் தேடுபொறி வழியாக யாரோ ஒருவர் எத்தனையோ நாள் கழித்துத் தேடி வருவார். அவருக்காகவாவது புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் தலைப்பிலேயே இருக்கட்டும். ‘ஒரு மழை மாலையில்’ என்று வைத்தால் யாருக்கும் கிடைக்காது.

பழையவற்றை எடுக்க, ஃபேஸ்புக் அமைப்புகளில் உங்கள் தகவல்களைப் பதிவிறக்கும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. இப்போது படித்தாலும் உங்களுக்கே பிடிப்பவற்றை மட்டும், முதலில் எழுதிய தேதியிலேயே போடுங்கள். வெளியீட்டுத் தேதியைப் பின்னோக்கி மாற்ற பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலுமே முடியும்.