காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்: தொண்டிக் கடலோரத்தில் சாய்வு ட்ரைக்

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். வயது 61. முதுகுவலியால் சாதாரண சைக்கிளை விட்டு வெகுகாலம் ஆகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை அனுப்பியிருக்கிறான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பொங்கல் விடுமுறைக்கு மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் (11 வயது, 7 வயது) வருகிறார்கள். எல்லோரும் இரண்டு நாள் கடற்கரைக்குப் போகலாம், நானும் அப்படியே கடலோரமாக ஓட்டலாம் என்று ஆசை. என் வீட்டு ஆச்சிக்கு மூட்டுவலி. எங்கே போவது, வண்டியை எப்படிக் கொண்டு போவது, எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் 'கடலோரமாக' என்று நீங்கள் நினைப்பது மணல் என்றால், அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது, முன்னால் இரண்டு சக்கரம் உள்ள டாட்போல் வகை. உங்கள் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டின் மேல் இறங்குகிறது. தள்ளுவதோ பின்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரம். மணலில் இறங்கினால் வண்டி சாயாது, அதே சமயம் நகரவும் நகராது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டு நிற்கும். உப்பு மணல் பேரிங்குக்குள் போனால் அது தனித் தொல்லை. ஆகவே கடலோரம் என்றால் கடலை ஒட்டிய தார்ச்சாலை என்று வைத்துக்கொள்வோம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. தேவகோட்டையிலிருந்து திருவாடானை, அங்கிருந்து தொண்டி. தொண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். வடக்கே தீர்த்தாண்டதானம், எஸ்.பி.பட்டினம், மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று போகும். தெற்கே உப்பூர், தேவிபட்டினம். ஏற்ற இறக்கமே இல்லாத தட்டைச் சாலை. உங்கள் முதல் சவாரிக்கு நான் சொல்வது எஸ்.பி.பட்டினத்திலிருந்து தொண்டி வரை, சுமார் பதினைந்து கிலோமீட்டர். அதையும் அந்தத் திசையில்தான், தொண்டியிலிருந்து வடக்கே அல்ல.

காரணம் காற்று. வரைபடத்தைப் பாருங்கள்: மீமிசலிலிருந்து தொண்டி வரை கரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்குகிறது. தை மாதத்தில் வாடைக்காற்று வருவதும் வடகிழக்கிலிருந்துதான். அப்படியென்றால் மீமிசல் பக்கத்திலிருந்து தொண்டியை நோக்கி வருபவருக்குக் காற்று முதுகில்; எதிர்த்திசையில் போகிறவருக்கு நேராக முகத்தில். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது கணக்கு அப்படியே தலைகீழ். சாய்வு ட்ரைக் தாழ்ந்து இருப்பதால் எதிர்காற்று சாதாரண சைக்கிளைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அது பழகிய கால்களுக்கு உதவும். புதிதாக ஓட்டுகிறவர் எதிர்காற்றில் பதினைந்து கிலோமீட்டர் போனால் மறுநாள் படி ஏற மாட்டார். எனவே போய்த் திரும்புகிற சவாரி வேண்டாம்; வண்டியை எஸ்.பி.பட்டினத்தில் இறக்கி, தொண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நிதானமாக ஓட்டினாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நேரமும் முக்கியம். காலையில் மட்டும் ஓட்டுங்கள், பொழுது நன்றாக விடிந்த பிறகு. தை மாதக் காலையில் தென்மேற்காகப் போகும்போது சூரியன் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். மாலையில் அதே சாலையில் சூரியன் ஏறக்குறைய எதிரே இறங்கும். உங்கள் கண் கூசுவதைவிட, பின்னால் வருகிற லாரிக்காரர் கண் கூசுவதுதான் ஆபத்து. உங்கள் தலை அவருடைய பம்பர் உயரத்துக்குத்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அதனால் கொடி இல்லாமல் சாலையில் ஏறவே கூடாது. தரையிலிருந்து ஐந்தடி, ஆறடி உயரத்துக்கு வளையும் கம்பு, அதன் நுனியில் பளிச்சென்று ஆரஞ்சு அல்லது பச்சைத் துணி. காற்றில் ஆடுகிற துணிதான் தூரத்திலிருந்து கண்ணில் படும். பகலிலும் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியட்டும். கண்ணாடி இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் சாய்ந்து உட்கார்ந்தபடி திரும்பிப் பார்ப்பது லேசில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுத் துறைமுகங்கள். படகுகள் கரை திரும்பும் காலைகளில் மீன் வண்டிகள் பறக்கும். முந்தின நாள் எஸ்.பி.பட்டினத்தில் ஒரு டீக்கடையில் கேட்டால் போட் என்றைக்குத் திரும்பும் என்று சொல்லிவிடுவார்கள்.

மருமகன் காரில் உங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வருவது பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாகப் போகும் காரை முந்த வருகிறவர்கள் எல்லாம் வளைந்து, உங்கள் மூக்குக்கு முன்னால்தான் மீண்டும் இடப்பக்கம் சேர்வார்கள். நான்கைந்து கிலோமீட்டர் முன்னால் போய்ச் சாலையை விட்டு இறங்கிக் காத்திருக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கவும் அதுவே நிறுத்தம்.

குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிளில் குழி வந்தால் ஒரு கோட்டை மட்டும் ஒதுக்கிப் போய்விடலாம். ட்ரைக்குக்கு மூன்று தடம்: முன்சக்கரங்கள் குழியை நடுவில் விட்டுத் தப்பினால், பின்சக்கரம் நேராக அதில் விழும். அந்த அடி உங்கள் இடுப்புக்கு வரும். சாதாரண சைக்கிளில் பெடல்மேல் எழுந்து நின்று அடியைத் தாங்குவோமே, இதில் இருக்கையை விட்டு எழவே முடியாது. முதுகுக்கு நல்ல வண்டி என்று சொல்கிறார்களே, உண்மைதான்; மணிக்கட்டிலும் கழுத்திலும் பாரம் இல்லை. ஆனால் மோசமான சாலையில் இந்த ஒரு விஷயத்தில் சைக்கிளைவிட மோசம். உங்கள் வலி முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) விலகியதால் வந்தது என்றால், இருக்கைச் சாய்வு எவ்வளவு இருக்கலாம் என்று எலும்பு மருத்துவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேகத்தடையில் நேராக, நடக்கிற வேகத்தில் ஏறுங்கள். ஊர் நடுவே கை போன போக்கில் போட்ட வேகத்தடைகளில் அடிச்சட்டம் தட்டும்.

இப்போது கால். இந்த வண்டியில் நான் உண்மையில் பயப்படுவது இதற்கு மட்டும்தான். ஓடும்போது பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், தரை அதைப் பின்னால் இழுக்கும். வண்டியோ முன்னால் போய்க்கொண்டிருக்கும். முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் அடியில் கால் மடங்கிச் சிக்கும். எலும்பு முறியக்கூடிய விபத்து இது. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ, இல்லையென்றால் குதிகாலைத் தாங்கும் பட்டை, இரண்டில் ஒன்று கட்டாயம். வெறும் செருப்போடு தெருமுனை வரைக்கும்கூடப் போகாதீர்கள். நிறுத்தும்போது காலை ஊன்றும் பழக்கத்தையும் மறக்க வேண்டும். வண்டி நின்று, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகுதான் கால் கீழே வரலாம்.

பேரப்பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கக் கேட்பார்கள், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிள்ளைகள் நிறுத்த நினைத்ததும் முதலில் நீட்டுவது காலைத்தான். சாலையில் தரவே வேண்டாம். சுவர் சூழ்ந்த வெட்ட வெளியில், பெடல் சட்டத்தை அவர்கள் கால் அளவுக்கு உள்ளே தள்ளி, பட்டை மாட்டி, நீங்கள் கூடவே நடந்தால் 11 வயதுப் பிள்ளை ஓட்டலாம். சட்டத்தை நகர்த்துமுன் இப்போதைய இடத்தில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அளவு தப்பினால் உங்கள் முழங்கால் வலிக்கும். வலுவாக அழுத்தாமல், லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள்; அதுவும் முழங்காலுக்காகத்தான். முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து அழுத்தும் வசதி இருப்பதால் ஆளுக்குத் தெரியாமலேயே மூட்டில் பாரம் ஏறிவிடும்.

வண்டியைக் கொண்டு போகக் குட்டி யானைதான் சரி. அதன் பெட்டி ஏழடி நீளம். உங்கள் ட்ரைக் ஆறு, ஆறரை அடி இருக்கும். சக்கரத்தில் கயிறு கட்டாதீர்கள், ஆரக்கம்பி வளையும், சட்டத்தில் கட்டுங்கள். கொடிக்கம்பைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள் இல்லாத சாலையோரம் நம் பக்கத்தில் எது? பஞ்சர் தாங்கும் டயர் அல்லது டயருக்குள் ஒட்டும் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். டயர் ஓரத்தில் 406 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை, சிறுவர் சைக்கிளின் 20 அங்குல ட்யூப் பெரும்பாலும் பொருந்தும். 451 என்றிருந்தால் மாற்று ட்யூப் நீங்களே கொண்டுபோக வேண்டும். வால்வையும் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

இனி குடும்பம். நேராகச் சொல்கிறேன், தொண்டி பிள்ளைகள் விளையாடும் கடற்கரை அல்ல. பாக் விரிகுடா அங்கே ஆழமில்லாத, சேறு கலந்த கடல். நீங்கள் ஓட்டும் நேரத்தில் மற்றவர்கள் திருப்புனவாசல் கோயிலுக்குப் போய் வரட்டும். லிங்கத்துக்கு மூன்று முழம், ஆவுடையாருக்கு முப்பது முழம் என்று துணி சுற்றும் கோயில். 'மூணு முழமும் ஒரு சுத்து, முப்பது முழமும் ஒரு சுத்து' என்று ஆச்சியே பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். பிறகு எல்லோருமாகத் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகுச் சவாரி உண்டு. படகில் ஏறி இறங்க ஆச்சிக்கு மட்டும் ஒரு கை கொடுக்க ஆள் வேண்டும். மணலும் குளியலும் வேண்டுமென்றால் மறுநாள் உச்சிப்புளி பக்கம் அரியமான். சவுக்குத் தோப்பு நிழல் இருப்பதால் ஆச்சி உட்கார இடம் தேட வேண்டியதில்லை. பாக் விரிகுடா பொதுவாக அமைதியான கடல், இராமேசுவரம் பக்கம் பெண்கடல் என்பார்கள். ஆனால் தை மாதத்தில் வாடை நேராக அந்தக் கரையில்தான் அடிக்கிறது. சின்னவளோ சின்னவனோ, முழங்கால் தண்ணீருக்குமேல் விட வேண்டாம்.

தனுஷ்கோடி என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கிடந்த மணல்வெளியில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறந்தது. இரண்டு பக்கமும் கடல், ட்ரைக் ஓட்ட இதைவிட அழகான சாலை தமிழ்நாட்டில் இல்லை என்பேன். பக்கக் காற்று பலமாக இருக்கும். இரண்டு சக்கரத்தில் தள்ளாடுகிறவர்கள் நடுவே மூன்று சக்கரம் அசையாது. குளிர்காலத்தில் பூநாரைகளும் வரும், அந்தப் பகுதியை 2025இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் பொங்கல் விடுமுறையில் வேண்டாம். சுற்றுலா வேன்கள், ஐயப்ப பக்தர்கள், தை அமாவாசை ஒட்டி வந்தால் தர்ப்பணத்துக்கு வருகிற கூட்டம் என்று அந்தக் குறுகிய சாலை திணறும். மாசியில் ஒரு வார நாளில் நீங்கள் மட்டும் போங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் ஓட்டாதீர்கள். வேடிக்கை பார்க்க நிற்கும் வண்டிகளுக்கு நடுவே தாழ்ந்த வண்டி தெரியாது, குட்டி யானையிலேயே தாண்டிவிடுங்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் பலம், அங்கே யாரும் குளிக்கக் கூடாது.

நாள் விஷயத்தில், பொங்கலன்று காலையோ மாட்டுப் பொங்கலன்று காலையோ சாலை ஓரளவு காலியாக இருக்கும். காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாளித் தண்ணீரும் துணியும் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் அடித்தால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். சாதாரண சைக்கிளைப்போல் மூன்று மடங்கு நீளச் செயின் இது, அதில் பாதி குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்க்குள் தண்ணீர் விட்டு மணலை வெளியேற்றி, காயவைத்து, பிறகு மெல்லிய எண்ணெய். இந்த வேலையை முற்றத்தில் செய்யாதீர்கள். செயின் எண்ணெய் ஆத்தங்குடிக் கல்லில் இறங்கினால் கறை போகாது, ஆச்சி உங்களை வீட்டுக்குள் விடமாட்டார்.

கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே காலையில் ஊர்த் தெருக்களில் ஓட்டிப் பழகுங்கள். சாய்வு வண்டிக்குத் தொடையும் பிட்டமும் வேறு விதமாக உழைக்க வேண்டும், அது வர நாளாகும். குன்றக்குடிச் சாலையை மட்டும் தைப்பூசம் நெருங்கும் நாட்களில் தவிருங்கள், பழனிக்குப் போகிற பாதயாத்திரைக்காரர்கள் விடியுமுன்பே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆச்சிக்கு உங்கள் வண்டியில் உட்கார்ந்து பார்க்க ஆசை வந்தால், உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. டெல்டா வகையில், அதாவது முன்னால் ஒன்று பின்னால் இரண்டு சக்கரம் இருப்பதில், இருக்கை நாற்காலி உயரத்துக்கு வரும். மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் தோது. அடுத்த தடவை மகன் என்ன வேண்டும் என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள்.