ஹார்மோன் சிகிச்சையை நான் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியை. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலாகிறது. இரவில் இரண்டு மூன்று முறை வியர்வையில் நனைந்து விழித்துவிடுகிறேன். காலையில் விரல்களையும் முழங்காலையும் மடக்க முடிவதில்லை. பலதுறை மருந்தக மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை பற்றி யோசிக்கச் சொன்னார். அக்காவோ, "மார்பகப் புற்றுநோய் வரும், தொடாதே" என்கிறார். எங்கள் பெரியம்மாவுக்கு 68 வயதில் அந்நோய் வந்தது. ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அது கட்டுக்குள் இருக்கிறது. மூட்டு வலிக்கு உறவினர் ஒருவர் கொடுத்த மூலிகை மாத்திரை நன்றாகவே கேட்கிறது. சென்ற மாதம் இரண்டு நாள் லேசாக உதிரம் பட்டது. அது பெரிதல்ல என்று நினைக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் உதிரத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்து, அதன் பிறகு ஒரு துளி பட்டாலும், அதற்குக் காரணம் என்னவென்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பிறப்புறுப்புத் திசு மெலிந்து வறண்டுபோவதோ, கர்ப்பப்பைக்குள் வளர்ந்த சிறு சதைத் திரட்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உட்சுவரில் தோன்றும் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதேதான். சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்கு முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிறப்புறுப்பு வழியாகச் செய்யப்படும் ஸ்கேனில் உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். இந்தச் சோதனை முடியும்வரை ஹார்மோன் சிகிச்சையை எந்த மருத்துவரும் தொடங்கக் கூடாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல், இந்த வாரமே பலதுறை மருந்தகத்திற்குச் சென்று, அந்த உதிரத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லி, மகப்பேறு, மகளிர் நோய் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து பரிந்துரையுடன் சென்றால் சிட்டிசன்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும்.

அந்தச் சோதனையில் கவலைப்பட ஏதுமில்லை என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சிங்கப்பூர்ப் பெண்களுக்குச் சராசரியாக 49, 50 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கருமுட்டை வெளிப்படுவது ஒழுங்கு தவறி, பெண் ஹார்மோன்கள் இரண்டில் ஒன்றான புரொஜெஸ்டரோன் குறைகிறது. மற்றொன்றான ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தடுமாறி, கடைசியில் அடங்கிவிடுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மிகையாகக் கூர்மை பெற்று, அரை டிகிரி ஏற்றத்துக்கே உடம்பு கொதிப்பதாக எண்ணி ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. குளிரூட்டி ஓடும் அறையிலும் உங்கள் தலையணை நனைவது இதனால்தான். இந்தத் தொல்லை ஓரிரு ஆண்டில் தானே போய்விடும் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். அமெரிக்காவில் பல்லாண்டுகள் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அது சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மூட்டு வலியும் இந்தப் பருவத்தின் பகுதியே. இங்குள்ள நடுவயதுப் பெண்களிடம் நடத்திய ஆய்விலும் அதிகமாகச் சொல்லப்பட்ட உபாதை அதுதான். என்றாலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் வாத நோய் உண்டா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. ரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதிக்க வேண்டியதில்லை. 45 வயதைக் கடந்தவருக்கு அறிகுறிகளே போதும்.

அக்காவின் அச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2002ஆம் ஆண்டில் ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்த அமெரிக்காவின் விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டபோது, உலகெங்கும் பெண்கள் ஹார்மோன் மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்கள். அந்த ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டரோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் புரொஜெஸ்டின் ஒன்றும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்ட 10,000 பெண்களில் ஆண்டுக்கு 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு வந்தது. அதாவது, பத்தாயிரத்தில் எட்டுப் பேர் கூடுதல். அது இல்லாத ஆபத்தன்று, ஆனால் அக்கா அஞ்சும் அளவுடையதும் அன்று. மேலும், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு முன்போ மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள்ளோ தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மேலோங்கியிருந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் மீதிருந்த கடும் எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அதைக் கேட்டு, இது இளமையைத் திருப்பித் தரும் மருந்து என்று சமூக ஊடகங்களில் கூவுகிறவர்களையும் நான் நம்பச் சொல்லவில்லை. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகத் தந்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை இன்றும் அப்படியே இருக்கிறது. உங்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்படாத நிலையில், ஈஸ்ட்ரோஜனுடன் புரொஜெஸ்டரோனும் கட்டாயம் சேர வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை, பெரியம்மா ஒருவருக்கு 68 வயதில் வந்த நோய் மட்டும் இச்சிகிச்சைக்குத் தடையாகாது. உங்கள் தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ கதை வேறு. உங்களுக்கே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால், நான் வேறு விதமாகவே எழுதியிருப்பேன். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமும் தடையன்று. ஆனால் தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ ஈஸ்ட்ரோஜனை எடுத்துக்கொள்வது உங்களுக்கு மேல்; வாய்வழி மாத்திரை முதலில் கல்லீரலுக்குள் சென்று ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது, தோல்வழிச் செல்வதில் அந்த ஆபத்து காணப்படவில்லை. இரவில் சாப்பிடும் இயற்கை வடிவப் புரொஜெஸ்டரோன் பலருக்கு உறக்கத்தையும் தருகிறது. சில வாரங்களில் வியர்வை கணிசமாகக் குறையும். எலும்பு தேய்வதும் மட்டுப்படும். இத்தனை ஆண்டுகள்தான் என்ற கெடு எதுவும் இல்லை, ஆண்டுதோறும் மருத்துவருடன் அமர்ந்து தொடரலாமா என்று முடிவெடுங்கள். 50 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்லும் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே சோதனையைத் தவறவிடாதீர்கள். ஹார்மோன் வேண்டாம் என்று நீங்களே தீர்மானித்தாலும் வழி உண்டு: மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் சில, குறைந்த அளவில் வியர்வையையும் குறைக்கும். எதை எடுத்தாலும் சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்; மாதவிடாய் நின்ற பின் கெட்ட கொழுப்பு உயர்கிறது, நம் இந்தியக் குடும்பங்களில் நீரிழிவும் இதய நோயும் ஏற்கெனவே அதிகம். ஆனால் இதயத்தைக் காப்பதற்கென்றே ஹார்மோன் எடுப்பதற்கு ஆதாரம் போதாது.

அந்த மூலிகை மாத்திரை எனக்கு உறுத்துகிறது. மூட்டு வலிக்கு அதிசயமாகக் கேட்கும் இத்தகைய மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மறைமுகமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும், எலும்பையும் அரிக்கும். இந்த வயதில் நாம் காக்க நினைப்பவை எல்லாம் அதனால் கெடும். எனவே அந்தப் பாட்டிலை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். சில வாரங்களுக்கு மேலாகச் சாப்பிட்டு வந்திருந்தால் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்து அதைச் சட்டென நிறுத்தினால் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரக்கூடும் என்பதால், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.