குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது எதனால்? தாத்தா சொல்வதா, கைடு சொல்வதா?

கேள்வி: நான் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தவன். பி.ஏ. வரலாறு படிக்கிறேன். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததற்கான காரணங்களைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மொழிதான் காரணம் என்கிறது கைடு. ‘மார்த்தாண்டத்தில் சுட்டானே, அதனால்தான் கிடைத்தது’ என்கிறார் தாத்தா. டெல்லியில் கமிஷன் போட்டுப் பிரித்தார்கள், அவ்வளவுதான் என்கிறார் அண்ணன். எதை எழுதுவது ஐயா?

பதில்: மூன்றையும் எழுதலாம் தம்பி. ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தால் அது பட்டியல், விளக்கம் ஆகாது. மூவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். மக்கள் ஏன் கேட்டார்கள் என்பதைக் கைடு சொல்கிறது. எந்த வழியாகக் கிடைத்தது என்பதை அண்ணன் சொல்கிறார். இனி ஒரே மாநிலத்தில் இருக்க முடியாது என்ற நிலை எப்போது வந்தது என்பதைத் தாத்தா சொல்கிறார்.

முதலில் மொழியை எடுத்துக்கொள். குமரி அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. அதன் மன்னர் மார்த்தாண்ட வர்மா குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற 1741இலும் இங்கே தமிழ்தான் பேசினார்கள். அதற்கப்புறம் இருநூறு வருடம் தனியே போக வேண்டும் என்று யாரும் இயக்கம் நடத்தவில்லை. நாகர்கோவிலில் அதற்கென ஓர் அமைப்பு உருவானது 1945இல்தான். அதுதான் பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. இருநூறு வருடம் மாறாமல் இருந்த ஒன்றை மட்டும் காட்டி, திடீரென வந்த மாற்றத்தை விளக்க முடியாது. அப்படியானால் புதிதாக வந்தது எது என்று தேடு.

வந்தது ஓட்டு. மன்னர் ஆளும்போது தமிழரும் பிரஜை, மலையாளியும் பிரஜை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றதும் தலை எண்ணிக்கை முக்கியமாகிவிட்டது. 1949 ஜூலை 1 அன்று கொச்சியையும் சேர்த்துத் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் உருவானபோது, தெற்கே இருந்த தமிழர் இன்னும் பெரிய சபையில் இன்னும் சிறிய கூட்டமானார்கள். கோர்ட்டிலும் அரசு அலுவலகத்திலும் மலையாளம் என்ற பழைய குறை இப்போது எதிர்காலத்தைப் பற்றிய பயமாக மாறியது. உன் வீட்டில் பழைய நிலப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பார். மலையாளத்தில் எழுதி, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் அதுவே உன் கட்டுரைக்கு நல்ல சான்று. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில் தொடங்கி மார்கழி நடுப்பகுதி வரையான தேதிகளுக்கு 824.

கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னொரு பழைய வலியும் உண்டு. தோள்சீலை, அதாவது மார்பை மறைக்கும் மேலாடை, அணியும் உரிமைக்காகப் பெண்கள் பட்ட அடியும் அவமானமும் 1859 அரச அறிவிப்போடு மறந்துபோகும் விஷயமல்ல. சாதிக் கொடுமையின் நினைவும் மொழிக் கோரிக்கையும் அங்கே ஒன்றாகக் கலந்தன. இதைக் கட்டுரையில் தயங்காமல் எழுது. கைடுகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எதிர்த் தரப்பு ஏன் விடவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். மன்னராட்சிக் காலத்தில், 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் இங்கேதான். வயலையும் அணையையும் எந்த அரசு சும்மா தூக்கிக் கொடுக்கும்?

அடுத்து அண்ணன் சொன்ன கமிஷன். ஆந்திராவுக்காகச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15இல் இறந்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. அதே 1953 டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. கதவைத் திறந்தது குமரியில் நடந்த எதுவும் இல்லை, தெலுங்கர் போராட்டம். ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் கோரிக்கையோடு தயாராக நின்றவர்கள் குமரிக்காரர்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 1952 தேர்தலில் 8 இடம், 1954இல் 12 இடம். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத சட்டசபையில் அது பெரிய பலம். 1953இல் அவர்கள் ஆதரவை விலக்கியதும் முதல்வர் ஏ.ஜே. ஜானின் அமைச்சரவை கவிழ்ந்தது.

தாத்தா சொல்வதற்குத் தேதி வைத்துப் பதில் சொல்லலாம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11; கொல்லம் கணக்கில் 1129 ஆடி. ஆணையம் அதற்கு எட்டு மாதம் முன்பே அமைந்துவிட்டது. ஆகவே ‘சுட்டதால் ஆணையம் வந்தது’ என்று எழுதினால் தவறு. அதற்காக அந்தச் சாவுகளை ஓரமாக வைத்துவிடாதே. இன்று கேரளத்தில் உள்ள மலைப்பகுதிகளான தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றுக்கான போராட்டத்தில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி கைதானது அதற்கு முந்தைய மாதம். அந்தக் கொதிப்பின் தொடர்ச்சிதான் ஆகஸ்ட் 11. சுட்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, ராஜினாமா செய் என்று அவரைக் கேட்டார். சொந்தக் கட்சியே பிளவுபடும் அளவுக்கு விஷயம் போனது. 1955 பிப்ரவரியில் அந்த அரசும் விழுந்தது. இந்த மாநிலத்துக்குள்ளேயே சமாதானமாக இருக்கலாம் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

இனி முக்கியமான இடம். நீ சொல்லும் காரணம் சரிதானா என்று பார்க்க, அதே காரணம் இருந்தும் அந்த நிகழ்வு நடக்காத ஓர் இடத்தைத் தேடு. நமக்கு அது கைக்கு அருகிலேயே இருக்கிறது: தேவிகுளமும் பீர்மேடும். அங்கும் தமிழர் அதிகம், அங்கும் போராட்டம், அதே கட்சி, அதே ஆணையம். ஆனால் சேரவில்லை. எஸ்டேட் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள் என்று ஆணையம் கருதியது. மலையின் வளம் கேரளத்துக்கு வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு மக்களோ தலைமுறை தலைமுறையாக மண்ணோடு இருந்தவர்கள்.  இந்த நான்கும் 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டமாகின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது. ஆக, மொழியோடு நிலைத்த குடியிருப்பும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். இந்த ஒப்பீட்டுக்குக் கட்டுரையில் ஒரு முழுப் பக்கம் கொடு.

தாத்தாவிடம் மறுபடி உட்கார்ந்து பேசு. ‘ஏன் நடந்தது’ என்று கேட்காதே. அதற்கு எழுபது வருடமாகக் கேட்டுப் பழகிய பதிலே வரும். அன்றைக்கு எங்கே நின்றீர்கள், ஊர்வலம் எந்த ரோட்டில் வந்தது, வீட்டில் யார் போகாதே என்று தடுத்தார்கள் என்று கேள். கேட்ட நாளையும் அவர் அப்போது என்ன வயதில் இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுது.